கோயமுத்தூர்ல ரெண்டு நாள் கிடைச்சா எப்படி சுத்திப் பாக்குறது

கோயமுத்தூருக்கு வர்றவங்க யாரும் கோயமுத்தூர பாக்கன்னு வர்றதில்லைங்க. கல்யாணம், ஆஸ்பத்திரி, காலேஜ் அட்மிஷன், மோட்டார் பம்ப் வாங்குறது, இல்லாட்டி ஊட்டிக்கு போற வழியில ஸ்டேஷன்ல இறங்கி நேரா மேட்டுப்பாளையம் பஸ் ஏறுறது, அவ்ளோதான். யாராச்சும் "ரெண்டு நாள் சும்மா இருக்கு, இங்க பாக்க என்ன இருக்கு"ன்னு கேட்டா இங்க பொறந்து வளந்தவங்களே ஆதியோகி சிலை போங்க, ஒரு மால் போங்கன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சுடறாங்க. எனக்கு அத கேக்கறப்ப எல்லாம் வருத்தமா இருக்கும். இந்த ஊர்ல பாக்க நெறையா இருக்கு, ஆனா ஒரே எடத்துல டிக்கெட் வாங்கிட்டு உள்ள போயி பாத்துட்டு வர்ற மாதிரி இல்ல, தண்ணி எங்கிருந்து வருது, பஞ்சு எங்க நூலாச்சு, கரும்பு எங்க பூத்துச்சு, இப்படி ஊரு எப்படி பொழைக்குதுன்னு பாத்துட்டே போகணும், அப்பதான் இந்த ஊரு புரியும்.

முதல்ல திசைய புடிச்சுக்கோங்க, அது இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. மேற்க மலை. வெள்ளியங்கிரி, மருதமலை எல்லாம் அந்தப் பக்கம். நொய்யல் அங்க பொறந்து பேரூர் வழியா ஊருக்கு தெக்கால ஓடி கெழக்க போயி கடைசில காவேரில சேருது. நடுவுல குளங்க. கெழக்க அவிநாசி ரோடு, மில்லு, இஞ்சினியரிங் கம்பெனி, ஏர்போர்ட். அதனால காலையில குளமும் மேற்குப் பக்கமும், வெயில் ஏறுனா ஊருக்குள்ள நிழலுக்கும் மியூசியத்துக்கும், சாயங்காலம் திரும்ப மலைப் பக்கம், இந்த கணக்குல போட்டுக்கோங்க. எங்க ஊரு கிளைமேட் நல்லா இருக்கும்னு எல்லாரும் சொல்றது நெசம்தான், பாலக்காட்டு கணவாய் வழியா காத்து வருது, ஆனி ஆடில அந்த காத்துல நடந்தா குடை நிக்காது. ஆனா மாசி கழிஞ்சா மத்தியானம் வெயில் இங்கயும் சுள்ளுனுதான் அடிக்கும், அத நம்பி மொட்ட வெயில்ல நடக்க கிளம்பாதீங்க.

தங்குறதுக்கு காந்திபுரம் இல்லாட்டி ஸ்டேஷன் பக்கம் எடுத்துக்கோங்க, அங்கிருந்து எல்லா பக்கமும் டவுன் பஸ் கிடைக்கும். பஸ் ஸ்டாண்ட் விஷயத்துல வெளியூர்க்காரங்க ரொம்ப குழம்புவாங்க, ஏன்னா இங்க ஒண்ணு இல்ல, நெறைய இருக்கு: பொள்ளாச்சி பழனி பாலக்காடு பக்கம்னா உக்கடம், திருச்சி மதுரை பக்கம்னா சிங்காநல்லூர், ஊட்டி பக்கம்னா மேட்டுப்பாளையம் ரோட்டுல இருக்கற புது பஸ் ஸ்டாண்ட். தப்பான எடத்துல போயி நின்னீங்கன்னா ஒரு மணி நேரம் வீணா போயிரும். பொம்பளைங்க சாதாரண டவுன் பஸ்ல டிக்கெட்டுக்கு காசு குடுக்க வேண்டாம். கண்டக்டர் கிட்டயோ ஆட்டோக்காரர் கிட்டயோ கேக்கறப்ப "ஏனுங்கண்ணா, பேரூர் போகுமுங்களா"ன்னு கேட்டு பாருங்க, எங்க எறங்கணும், எந்தப் பக்கம் திரும்பணும்னு பக்கத்து சீட்டுக்காரரும் சேந்து வழி சொல்லுவாரு.

முதல் நாள் ஆறு மணிக்கே எந்திரிங்க, இத மட்டும் தயவு செஞ்சு கேளுங்க. நேரா உக்கடம் பெரியகுளம். 300 ஏக்கருக்கு மேல இருக்கற தண்ணி, ஊருக்கு நடுவுல. கரை மேல நடக்கறதுக்கு பாதை போட்டு வச்சிருக்காங்க. அந்த நேரத்துல மேற்க பாத்தீங்கன்னா மலை மேல மேகம் கவுந்து கிடக்கும், தண்ணில கூழைக்கடா நாலஞ்சு சேந்து வரிசையா மெதக்கும், எல்லாம் ஒரே நேரத்துல தலைய உள்ள விட்டு மீன புடிச்சு ஒரே நேரத்துல தலைய தூக்கும். பக்கத்துல நீர்க்காகம் ரெக்கைய விரிச்சு காய வச்சுட்டு நிக்கும். நீலத் தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து எல்லாம் கரையோர புல்லுலயே இருக்கும், பைனாகுலர் இருந்தா நல்லது, இல்லைன்னாலும் பரவால்ல. எட்டு மணி தாண்டுனா டிராபிக் சத்தமும் வெயிலும் வந்துரும்.

இந்த குளங்கள பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுட்டு பாத்தீங்கன்னா வேற மாதிரி தெரியும். இது தனித்தனி குளம் இல்லைங்க. நொய்யல்ல அங்கங்க அணைக்கட்டு கட்டி, சித்திரைச்சாவடி மாதிரி, அதுலருந்து வாய்க்கால் வெட்டி ஒரு குளம் ரொம்புனா வழியற தண்ணி அடுத்த குளத்துக்கு போற மாதிரி பழைய காலத்துலயே கோத்து வச்சிருக்காங்க. கிருஷ்ணாம்பதி, செல்வசிந்தாமணி, பெரியகுளம், வாலாங்குளம்னு ஒண்ணுக்கொண்ணு சேந்த சங்கிலி. வீடும் ரோடும் வந்ததுக்கு அப்புறம் வாய்க்கால் பல எடத்துல சாக்கடை ஆயிருச்சு, அந்த நாத்தம் சில நாள் கரையிலயே அடிக்கும், அத மறைச்சு பேச எனக்கு இஷ்டமில்ல. இருந்தும் பறவை வருது. நேரம் இருந்தா அப்படியே வாலாங்குளம் போங்க, சுங்கம் பைபாஸ் ரோட்ட ஒட்டி இருக்கு, ரயில் போறதும் அங்கிருந்து தெரியும், கொழந்தைங்க கூட வந்தா அதுக்கே அரை மணி நேரம் நிப்பாங்க. இன்னும் அமைதியா வேணும்னா சிங்காநல்லூர் குளம். உக்கடத்துல ஹவுசிங் குடியிருப்பு சுவத்துல மாடி உயரத்துக்கு ஓவியம் வரைஞ்சிருக்காங்க, அதையும் பாக்கலாம், ஆனா அது மக்க குடியிருக்கற எடம், துணி காயப் போடறவங்களையும் வாசல்ல உக்காந்திருக்கறவங்களையும் கேக்காம போட்டோ எடுக்காதீங்க.

அங்கிருந்து செல்வபுரம் வழியா பேரூர். உக்கடத்துலருந்து பஸ் இருக்கு. பட்டீசுவரர் கோயில். மத்தியானம் நடை சாத்திட்டு சாயங்காலம்தான் திறப்பாங்க, அதனால காலையிலயே போயிருங்க. சாமி கும்புடறவங்க கும்புட்டுட்டு, கும்புடாதவங்களும் கூட, நேரா கனகசபை மண்டபத்துக்கு வாங்க. 17ஆம் நூத்தாண்டுல நாயக்கர் காலத்துல கட்டுனது. நிறைய பேரு உள்ள போயி நடராஜர பாத்துட்டு அதே வேகத்துல வெளிய வந்துடறாங்க. நீங்க அப்படி பண்ணாதீங்க. தூணுல ஆள் உயரத்துக்கு மேல செலைங்க இருக்கு, வீரபத்திரர், ஊர்த்துவ தாண்டவம், யானைத் தோல உரிச்சு போத்திக்கிட்டு நிக்கற சிவன். ஒரு செலைக்கு பத்து நிமிஷம் கொடுங்க. விரல் நகத்த பாருங்க, கால் தரையில ஊனுற எடத்துல முட்டிக்கு கீழ சதை இறுகி நிக்கறத பாருங்க. அப்புறம் தலைய தூக்கி கூரைய பாருங்க, கல்லுலயே செதுக்குன சங்கிலி தொங்கும், வளையத்துக்குள்ள வளையம், எங்கயும் ஒட்டு போடாம ஒரே கல்லுல செதுக்குனது. நான் சின்ன வயசுல எங்க அப்பா தோள் மேல உக்காந்து அத பாத்தேன், இப்பவும் ஒவ்வொரு தடவயும் கழுத்து வலிக்கற வரைக்கும் நிமுந்து பாத்துட்டுதான் வருவேன்.

பேரூர்ல ரெண்டு மரத்த பத்தி சொல்லுவாங்க, இறவாப்பனை பிறவாப்புளின்னு. பனை சாகாது, புளியமரத்தோட விதை மொளைக்காதுங்கறது ஐதீகம். இதவிட எனக்கு புடிச்சது நாத்து நடவு கதை. சுந்தரர் பாடிட்டு பொன்னு கேப்பாருன்னு, குடுக்க கையில இல்லாத சிவன் பார்வதியோட வயல்ல எறங்கி நாத்து நட்டுட்டு ஒளிஞ்சிருந்தாராம். ஆனி மாசம் அத திருவிழாவாவே நடத்தறாங்க. கடவுளயே கூலிக்கு நடவு நட வச்ச ஊருங்க இது, எங்க ஊர்க்காரங்க உழைப்ப எப்படி பாக்கறாங்கன்னு அதுலயே தெரிஞ்சுரும். கோயில் முடிச்சுட்டு நொய்யல் படித்துறைக்கு எறங்குங்க. மழைக்காலத்துல தண்ணி ஓடும், மத்த மாசத்துல மணலும் கல்லும்தான். இதே ஆத்தங்கரையில கொஞ்சம் கீழ வெள்ளலூர்ல ரோமானிய வெள்ளிக்காசு பானை பானையா கிடைச்சிருக்கு, மேற்குக் கடற்கரையில இறங்குன வியாபாரிங்க கணவாய் வழியா இந்தப் பக்கம் வந்த பாதை அது. அங்க போயி பாக்கறதுக்குன்னு எதும் இல்ல, ஆனா படித்துறையில உக்காந்துட்டு அத நெனச்சு பாருங்க.

பத்தரை பதினொண்ணுக்கு டவுன்ஹால் வந்துருங்க. 1892ல கட்டுன டவுன்ஹால் கட்டடம், கிட்டத்துலயே கோனியம்மன் கோயில், இந்த ஊரோட காவல் தெய்வம், மாசில தேரு ஓடும்போது ஒப்பணக்கார வீதியில கால் வைக்க எடமிருக்காது. இந்த வட்டாரத்த நடந்தே பாக்கணும், வண்டில போனா எரிச்சல்தான் மிஞ்சும். ராஜ வீதில நகைக் கடைங்க, சந்து உள்ள போனா பட்டறைங்க, தங்கத்துல கல்லு பதிக்கற ஆளுங்க குனிஞ்சு உக்காந்து வேலை பாப்பாங்க. ரங்கே கவுடர் வீதில மளிகை மொத்த வியாபாரம், மல்லி மொளகா வாசம் மூக்க தொளைக்கும். பெரிய கடை வீதில மைக்கேல் தேவாலயம், அந்தாண்ட கோட்டைமேட்டுல பள்ளிவாசலும் கோட்டை ஈஸ்வரன் கோயிலும் கூப்பிடு தூரத்துல. கோட்டை இப்ப இல்ல, பேருதான் மிச்சம்.

அங்கயே வெரைட்டி ஹால் ரோடுன்னு ஒரு போர்டு இருக்கும், நின்னு படிங்க. ரயில்வேல வேலை பாத்துட்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல திருச்சில ஒரு பிரெஞ்சுக்காரர் கிட்ட இருந்து புரொஜக்டரும் படச்சுருளும் வாங்கிட்டு ஊரூரா டென்ட் போட்டு படம் காட்டுனாரு, அப்புறம் 1914ல இங்க வெரைட்டி ஹால்னு நிரந்தரமா கொட்டகை கட்டுனாரு. அந்த கொட்டகை பேருதான் ரோட்டுக்கு. பின்னால இந்த ஊர்ல சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோன்னு படமே எடுத்தாங்க. சினிமா புடிச்சவங்க அந்த ரோட்டுல ஒரு டீ குடிச்சுட்டு வரலாம், பாக்க கட்டடம்னு ஒண்ணும் இல்லைன்னாலும்.

மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போடுங்க. சாப்பாடு விஷயத்துல அன்னபூர்ணா ஓட்டல் சாம்பார்னு எல்லாரும் சொல்லுவாங்க, நல்லாத்தான் இருக்கும், சாப்பிடுங்க. ஆனா இந்த மண்ணோட சாப்பாடுன்னா அரிசிம்பருப்பு சாதமும் தேங்காப்பால் ஊத்துன சந்தகையும் (இடியாப்பம் மாதிரி புழியறது), கொங்கு மெஸ்னு போர்டு போட்டிருந்தா உள்ள போயி இருக்கான்னு கேளுங்க. சாயங்காலம் தள்ளுவண்டில காளான் சாப்பிடாம போகாதீங்க, தோசைக்கல் மாதிரி பெரிய தட்டுல மசாலா கொதிச்சுட்டே இருக்கும், அதுல பொரிச்ச காளானும் முட்டைக்கோஸும் போட்டு கரண்டியால டங்கு டங்குனு கொத்தி மேல வெங்காயமும் மல்லித்தழையும் தூவி குடுப்பாங்க, சூடா இருக்கும்போதே சாப்பிடணும். அத முடிச்சுட்டு ரேஸ்கோர்ஸ்ல ஒரு சுத்து நடங்க, ரெண்டரை கிலோமீட்டர் வரும், பெரிய பெரிய மரம், ஊரே அங்கதான் நடந்துட்டு இருக்கும். வழியில குடிதண்ணி கேட்டா யோசிக்காம குடுப்பாங்க, சிறுவாணித் தண்ணி வர்ற ஏரியாவா இருந்தா ஒரு வாய் குடிச்சு பாருங்க, இனிப்பு தெரியும்.

ரெண்டாவது நாள் லாலி ரோடு பக்கம். என்னைக் கேட்டா இதுதான் இந்த ஊரோட பொக்கிஷம், ஆனா டூரிஸ்ட் யாரும் எட்டிப் பாக்கறதில்ல. வேளாண் பல்கலைக்கழகம், அதோட தாவரவியல் பூங்கா, நூறு வருசத்துக்கு மேல இங்க விவசாயப் படிப்பு நடக்குது. காலையில பூங்கால நடந்துட்டு அப்புறம் பூச்சி அருங்காட்சியகம் போங்க, 2018ல திறந்தது. பூச்சிக்குன்னே தனியா இப்படி ஒரு அருங்காட்சியகம்னு கேட்டப்ப எனக்கும் நம்பிக்கை இல்ல. போனா கண்ணாடிக்குள்ள வண்டு, வெட்டுக்கிளி, குச்சிப்பூச்சி, இலை மாதிரியே இருக்கற பூச்சி, பட்டாம்பூச்சின்னு வரிசையா இருக்கு, பயிர திங்கறது எது, அந்த திங்கற பூச்சிய திங்கறது எதுன்னும் விளக்கி வச்சிருக்காங்க. என் கூட வந்த பெரியம்மா, அம்பது வருசமா தோட்டம் பாத்தவங்க, ஒரு வண்டுகிட்ட நின்னு "இதத்தானே நாங்க மருந்தடிச்சு மருந்தடிச்சு கொன்னோம், இது நமக்கு நல்லது பண்றதா"ன்னு கேட்டாங்க. அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் பேசல.

அதே சுத்துல கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்கு, 1912ல ஆரம்பிச்சது. ஆராய்ச்சி பண்ற எடம், சும்மா உள்ள சுத்த முடியாது, ஆனா அந்த ரோட்டுல போறப்ப இந்த கதைய தெரிஞ்சுட்டு போங்க. கரும்பு எல்லா ஊர்லயும் நல்லா பூக்காது, கோயமுத்தூர்ல பூக்கும். பூத்தாதான் ஒண்ணோட ஒண்ண சேத்து புது ரகம் எடுக்க முடியும், அதுக்காகத்தான் இந்த ஊர தேடி வந்தாங்க. பார்பர், வெங்கட்ராமன்னு ரெண்டு விஞ்ஞானிங்க சேந்து நல்ல கரும்ப காட்டுல தானா மொளைக்கற பேய்க்கரும்போட சேத்து கோ 205ன்னு ஒரு ரகத்த எடுத்தாங்க, 1918ல வட இந்தியாவுக்கு போச்சு, அங்க மெலிசு கரும்பு போட்டுட்டு இருந்த விவசாயிங்களுக்கு விளைச்சல் கூடுச்சு. கரும்பு ரகத்துக்கு முன்னாடி இருக்கற அந்த "கோ" எங்க ஊருதாங்க. தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் கூட 1930கள்ல இங்க வேலை பாத்தவங்கதான்.

பக்கத்துல கவுலி பிரவுன் ரோட்டுல வனக் கல்லூரி வளாகத்துக்குள்ள காஸ் வன அருங்காட்சியகம், 1902ல ஆரம்பிச்சது, காஸ்ங்கற வன அதிகாரி பேருல இருக்கு. யானை எலும்புக்கூடு, காட்டெருமை, விதவிதமான மரத்துல வெட்டித் தேச்ச துண்டு, பழைய மர அலமாரி, அந்த வாசமே தனி. வளாகத்துல இருக்கற மரங்களுக்காகவே போகலாம்.

இங்க ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் வார லீவு ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு நாள், அரசு விடுமுறைன்னா பூட்டு, ரிப்பேர் வேலைன்னாலும் பூட்டு. ஒரு தடவ மதுரைலருந்து வந்த சொந்தக்காரங்க ஏழு பேர ரெண்டு ஆட்டோல ஏத்திட்டு போயி ஒரு எடத்துல பூட்டுன கேட்டுக்கு முன்னாடி நின்னோம், வயசானவங்களும் கூட இருந்தாங்க, மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு. அன்னையிலருந்து போன் போட்டு கேக்காம யாரையும் கூட்டிட்டு போறதில்ல. நீங்களும் முந்தின நாளே கேட்டுருங்க.

மத்தியானத்துக்கு மேல அவிநாசி ரோடு, ஜி.டி. நாயுடு அருங்காட்சியகமும் அதோட கார் மியூசியமும். நாயுடு கலங்கல்ங்கற ஊர்ல பொறந்தவரு, 1893ல. ஒரு வெள்ளக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த மோட்டார் பைக்க பாத்து, அது மாதிரி ஒண்ணு வாங்கணும்னு கோயமுத்தூர் வந்து ஓட்டல்ல வேலை பாத்து காசு சேத்து வாங்குனாரு, வாங்கி பார்ட் பார்ட்டா கழட்டி மாட்டி கத்துக்கிட்டாரு. 1920ல பொள்ளாச்சி பழனி ரூட்டுல ஒரே பஸ்ஸோட ஆரம்பிச்சு பெரிய கம்பெனியா வளத்தாரு, 1937ல கரண்ட்டுல ஓடற மோட்டார் செஞ்சதுல அவருக்கும் பங்கு உண்டு. அவிநாசி ரோட்டுல பத்து கிலோமீட்டருக்கு மேம்பாலம் 2025 அக்டோபர்ல திறந்தாங்க, அவரு பேருதான் வச்சிருக்காங்க. ஆட்டோவோ டாக்ஸியோ ஏறுனா கீழ் ரோட்டுல போகச் சொல்லுங்க, மேல ஏறிட்டா எறங்குற எடம் வர வரைக்கும் எதும் பாக்க முடியாது, மியூசியத்த தாண்டிப் போயிருவீங்க.

இந்த ஊரு ஏன் மோட்டாரும் கிரைண்டரும் செய்யுதுன்னா, 1888ல ஸ்டேன்ஸ் மில்லுன்னு பஞ்சாலை வந்துச்சு, அப்புறம் 1930கள்ல நீலகிரி பைக்காரா ஆத்துல எடுத்த கரண்ட்டு வந்ததும் மில்லு மேல மில்லா வந்துச்சு, மில்லு மிஷின் ரிப்பேர் பண்ண பட்டறை வந்துச்சு, கெணத்துல தண்ணி எடுக்க பம்ப் செட்டு செஞ்சாங்க, அதுலயே கை பழகி வெட் கிரைண்டர் வரைக்கும் வந்துட்டாங்க. கோவை வெட் கிரைண்டருக்கும் கோரா காட்டன் சேலைக்கும் புவிசார் குறியீடு இருக்கு. ஊருக்கு எதாச்சும் வாங்கிட்டு போகணும்னா சேலை வாங்குங்க, பையில மடிச்சு வைக்கலாம்.

கோவை குற்றாலம் அருவிக்கு போலாமான்னு கேப்பீங்க. போலாம், ஆனா அது வனத்துறை கையில இருக்கு, மழையில வெள்ளம் வந்தா விடமாட்டாங்க, அதனால கேட்டுட்டு கெளம்புங்க, அரை நாள் போயிரும். வெள்ளியங்கிரி ஏழு மலையும் சுத்திப் பாக்கற எடம் இல்ல, அது கடுமையான ஏத்தம், வருசத்துல சில மாசம்தான் விடுவாங்க, தயாராகாம ஏறாதீங்க.

கடைசி சாயங்காலத்த மருதமலைக்கு வச்சுக்கோங்க. காந்திபுரத்துலருந்து வடவள்ளி வழியா டவுன் பஸ் அடிக்கடி இருக்கு. அடிவாரத்துலருந்து கோயில் பஸ்ஸும் மேல போகும், முட்டி நல்லா இருந்தா படியிலயே ஏறுங்க, அங்கங்க மண்டபம் இருக்கு, உக்காந்து உக்காந்து போலாம். தைப்பூசம், கிருத்திகை, செவ்வாக்கிழமை கூட்டம் ரொம்ப இருக்கும், நிதானமா பாக்கணும்னா வேற நாள் பாத்துக்கோங்க. முருகன கும்புட்டுட்டு பாம்பாட்டி சித்தர் குகைக்கும் போயிட்டு வந்து கெழக்க பாத்து நில்லுங்க. வெளிச்சம் இருக்கும்போதே போனா ஊரு மொத்தமும் விரிஞ்சு தெரியும், தெளிவான நாளா இருந்தா குளங்க தகடு மாதிரி அங்கங்க மின்னும். அந்தப் பக்கம் பூரா யானை நடமாட்டம் இருக்கற காடு, அதனால படியில வர்றதா இருந்தா இருட்டுறதுக்குள்ள கீழ இறங்கிருங்க, லேட்டாயிருச்சுன்னா கோயில் பஸ்லயே வாங்க. நைட்டு ரயில்னா அடிவாரத்துலருந்து ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் கணக்கு வச்சுக்கோங்க, லாலி ரோடு சந்திப்புல சாயங்காலம் வண்டி நகராது.